புதுப்பிப்பு: பேமென்ட் ஆப் டீமில் யூஎக்ஸ் ரைட்டராக மூன்று வாரம்

பணம் அனுப்பும் ஆப் ஒன்றின் டீமில் முதல் யூஎக்ஸ் ரைட்டராக, அதாவது ஆப் திரையில் வரும் வாசகங்களை எழுதுபவராக, சேர்ந்திருக்கிறேன், எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை என்று மூன்று வாரம் முன்பு புலம்பியிருந்தேன். "முதலில் ஸ்டைல் கைடு எழுது" என்றவர்கள் மன்னிக்கவும், அந்த எழுத்து நடைக் கையேட்டைத் தொடவே இல்லை. "கஸ்டமர் சப்போர்ட் ஆட்கள் பக்கத்தில் போய் உட்கார்" என்றவருக்குத்தான் ஒரு ஃபில்டர் காபி கடன்பட்டிருக்கிறேன்.

இரண்டு நாள் அழைப்புகளைக் கேட்டேன். திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: "காசு போயிடுச்சு, கடைக்காரர் வரலைங்கிறார். திரும்பி வருமா?" எங்கள் திரையிலோ "பரிவர்த்தனை தோல்வி" என்று மட்டும் இருந்தது. ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, யுபிஐயில் கடைக்குப் போய்ச் சேராத பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. பதறிக்கொண்டிருப்பவருக்கு வேண்டியது இதுதானே?

இப்போதைய வாசகம்: "பணம் கடைக்குச் சேரவில்லை. 5 நாளுக்குள் உங்கள் கணக்குக்குத் திரும்ப வேண்டும். மறுபடி அனுப்பும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள்." நான் எழுதியது "திரும்பிவிடும்". அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் சட்டப் பிரிவு ஆட்களோடு ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டித் தோற்றேன். (அவர்கள் சொன்னதும் நியாயம்தான்.)

இன்னொன்று, பொத்தான்களை ஆங்கிலச் சொல் அளவுக்கே வரைந்திருந்தார்கள். "பரிவர்த்தனை விவரங்கள்" என்று போட்டதும் பாதி வெட்டுப்பட்டது. டிசைனர் தம்பி இப்போதெல்லாம் தமிழைத்தான் முதலில் ஒட்டிப் பார்க்கிறார்.

ஸ்டைல் கைடு எப்போது வரும் என்று மேனேஜர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.