மறு: மருந்து வைத்த சைனஸ் இம்ப்ளான்ட்டுக்கு என்ன சொல்லலாம்?

வணக்கம்.

சைனஸ் அறுவைக்குப் பின் உள்ளே வைக்கும், மருந்தை மெல்ல வெளிவிடும் இம்ப்ளான்ட்டுக்கும், கூடவே ஹெல்த்கேர் யூஸ், டிப்ரைட்மென்ட் என்ற சொற்களுக்கும் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தீர்கள். இழையில் முதலாவதற்கு வந்த ‘மருந்துகசி உள்வைப்பு’ எனக்கு ஒட்டவில்லை. இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட்டுக்கு வேண்டுமானால் பரவாயில்லை, மூக்கு என்று வந்துவிட்டால் கசிவு என்றாலே சளியோ ரத்தமோதான், அறுவை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் கையில் ‘கசியும்’ என்று எழுதிய தாளைக் கொடுத்தால் பாவம், பயந்துவிடுவார். ‘மருந்தூறு’ இன்னும் மோசம். ஊறு என்றால் கேடு.

அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்த்தால் சொல் தானாக வரும். அமெரிக்காவில் 2011இல் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த புரொப்பெல் என்ற உள்வைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரு கண்களுக்கும் நடுவே உள்ள எத்மாய்டு சைனஸைத் திறந்து சுத்தம் செய்தபின் உள்ளே வைப்பார்கள்; சுருள்வில் மாதிரி விரிந்து, நடு டர்பினேட் என்ற எலும்பு மடல் மூக்கின் பக்கச் சுவரோடு ஒட்டிவிடாமல் தள்ளிப் பிடிக்கும். அதிலுள்ள 370 மைக்ரோகிராம் மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து ஏறத்தாழ 30 நாளில் சிறுகச் சிறுக இறங்கி வீக்கத்தை அடக்கும், அப்புறம் வில்லும் கரைந்துவிடும். 2017இல் அனுமதி பெற்ற சினுவா என்ற இன்னொரு உள்வைப்பில் 1350 மைக்ரோகிராம், 90 நாள் கணக்கு. ஏற்கெனவே அறுவை செய்தும் பாலிப் (மூக்கினுள் வளரும் சதை) திரும்ப வளர்ந்தவர்களுக்கானது. அதை 90ஆம் நாளிலோ முன்னாடியோ மருத்துவர் எடுத்துவிடலாம் என்பதால், ‘கரையும்’ என்பதைப் பெயருக்குள் திணிக்க வேண்டாம்.

என் பரிந்துரை ‘மருந்துவிடு உள்வைப்பு’. மூக்குக்கும் கண்ணுக்கும் மருந்து ‘விடுவது’தானே நம் வழக்கம்? ‘மருந்தை விட்டுவிட்டார்’ என்றால் நிறுத்திவிட்டார் என்றும் ஆகுமே என்பீர்கள், சரி, ஆனால் உள்வைப்புக்கு முன்னால் வினைத்தொகையாக நிற்கும்போது யாரும் அப்படிப் படிக்கமாட்டார்கள்.

அடுத்தது, ஹெல்த்கேர் யூஸ். ‘மருத்துவப் பயன்பாடு’ என்று போட்டால் உள்வைப்பு எதற்குப் பயன்படுகிறது என்று அர்த்தம் மாறிவிடும். காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளில் எண்ணப்படுவது வேறு: அறுவைக்குப் பிறகு அந்த நோயாளி எத்தனை முறை மருத்துவரிடம் வந்தார், எத்தனை முறை எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தார்கள், பொருக்கு எடுத்தார்கள், மறுபடி அறுவை தேவைப்பட்டதா என்பதெல்லாம். ‘சிகிச்சை நாடல்’ அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இதில் பாதி வருகை நோயாளி நாடி வருவதில்லை, மருத்துவரே தேதி கொடுத்து வரச்சொல்வது. அதனால் நீளமானாலும் ‘மருத்துவச் சேவைப் பயன்பாடு’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

அறுவைக்குப் பின் மூக்கில் படியும் பொருக்கை எடுக்கும் டிப்ரைட்மென்ட்டுக்கு இந்த இடத்தில் ‘பொருக்கு நீக்கல்’ போதும் என்று நினைக்கிறேன். புண்ணில் அழுகிய சதையை வெட்டி எடுப்பதற்கு அது பொருந்தாது, அதற்குத் தனி இழை போடுங்கள்.