புதுப்பிப்பு: பிசிஐ அடாப்டருக்குள் இருந்த வயர்லெஸ் கார்ட் வேலை செய்கிறது

உதவின எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: கிளிநொச்சியில் ஒரு பழைய மேசைக்கணினி, அதில் பிஎல்எக்ஸ் 9052 சிப் உள்ள பிசிஐ அடாப்டர் (மடிக்கணினிக் கார்டை மேசைக்கணினியில் செருக உதவும் பலகை), அதற்குள் பிரிசம் 2 சிப் உள்ள வயர்லெஸ் கார்ட். நான் எழுதிய டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கார்டின் எந்த ரெஜிஸ்டரை (சிப்புக்குள் உள்ள சிறு நினைவிடம்) வாசித்தாலும் 65535தான் வந்தது, அதாவது கார்ட் பதிலே சொல்லவில்லை.

கார்டைத் துடைக்கச் சொன்னார்கள், துடைத்தேன். வன்னிப் புழுதி நிறைய வந்தது, பலன் இல்லை. மடிக்கணினியில் சாக்கெட் டிரைவர் செய்கிற வேலையை, அதாவது செருகிய கார்டை எழுப்புவதை, இங்கே நாங்களே செய்ய வேணும் என்று ஒரு அண்ணை சொன்னதுதான் சரி. அட்ரிபியூட் மெமரியில் (கார்டின் விவரங்களும் அமைப்புகளும் உள்ள பகுதி) 992ஆம் பைட்டில் முதலில் 128 எழுதி ரீசெட், பிறகு 0, கடைசியாக 65. எல்லாம் தசம எண்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் சில மில்லிசெக்கன் பொறுக்க வேணும். கார்ட் எழும்பியது, மாக் முகவரியும் (கார்டின் தனி அடையாள எண்) வந்தது.

எதிர்பாராதது: அப்புறமும் இன்டரப்ட் (கார்ட் கணினியைக் கூப்பிடும் சமிக்ஞை) வரவில்லை. இரண்டு பின்னேரம் அதிலேயே போனது. பிஎல்எக்ஸின் சொந்த ரெஜிஸ்டர்களில், 76ஆம் இடத்தில், இன்டரப்டை அனுமதிக்கிற, 64 மதிப்புள்ள பிட் அணைந்து கிடந்தது. அதை ஏற்றியதும் வயர்லெஸ் வலையமைப்புகளைத் தேடும் ஸ்கேன் ஓடியது.

992 எல்லாக் கார்டுக்கும் பொருந்தாது. உங்கள் கார்டின் சிஐஎஸ்ஸைப் (கார்ட் தன்னைப் பற்றித் தரும் விவரப் பட்டியல்) பார்த்து எழுதுங்கள்.