குதிரை ராட்டின ஆர்கன்: பக்கத்தில் நின்று கேட்டவர்கள் சொல்லுங்கள்

ஐரோப்பாவில் பழைய குதிரை ராட்டினம் பார்க்கப் போகிறவர்கள், கூடவே பாடும் ஆர்கனின் (காற்றால் குழல்கள் தானாக ஒலிக்கும் இசைக்கருவி) முகப்பைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பக்கவாட்டுக்குப் போய்ப் பாருங்கள், விஷயமே அங்கேதான். பாட்டைத் துளைகளாகப் பதித்து மடித்து அடுக்கிய அட்டை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் மடிந்து விழும். பாரிஸின் கவியோலி நிறுவனம் 1892-ல் காப்புரிமை பெற்ற முறை இது. அதற்கு முன் முள் பதித்த மர உருளைதான். புதுப் பாட்டு வேண்டுமென்றால் புது உருளையே செய்ய வேண்டும்.

துளை வந்ததும் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஓர் உலோக விரல் எழும். அதனால் உள்ளே வால்வு திறந்து குழல் ஒலிக்கும். துளை எவ்வளவு நீளமோ ஸ்வரமும் அவ்வளவு. டிரம் அடிக்க, குழல் வரிசையை மாற்ற, முகப்புப் பொம்மையின் கையை அசைக்கத் தனித் துளைகள் உண்டு.

மறுமொழி:
அந்த இசையின் அழகு துளை போடுகிறவர் கையில் இருக்கிறது. குழலை மெல்லவோ பலமாகவோ ஊத முடியாது. காற்றழுத்தம் மாறினால் சுருதியும் மாறிவிடும். ஆகவே நீண்ட ஸ்வரத்தை அப்படியே நிற்க விடாமல் பொடிப்பொடியாக வெட்டி, இடையில் ஓடுசங்கதிகளை நிரப்புவார்கள். பலம் வேண்டுமென்றால் இன்னொரு குழல் வரிசை சேரும். சிறிய ஆர்கன்களில் சில அரைஸ்வரங்களுக்குக் குழலே இருக்காது, பாட்டின் சுருதியையே மாற்றி எழுத வேண்டும். அந்தத் துள்ளல் முழுக்க இந்தக் கட்டுப்பாடுகளிலிருந்து பிறந்தது. நல்ல அட்டையையும் சுமாரான அட்டையையும் ஒரே ஆர்கனில் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் உடனே புரியும்.

மறுமொழி:
பழுதுகளைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு ஸ்வரம் நிற்காமல் ஊதிக்கொண்டே இருந்தால் வால்வில் தூசியோ மரத்தூளோ சிக்கியிருக்கும், அல்லது ஈரத்தில் மரம் உப்பியிருக்கும். ஒரு ஸ்வரம் வராமலே போனால் உள்ளே இருக்கும் சின்னத் தோல் பை கிழிந்திருக்கலாம். தாளம் இழுபட்டால் ஆர்கனை ஓட்டும் பெல்ட் வழுக்குகிறது. எல்லாக் குழல்களும் ஒன்றாகச் சோர்ந்து ஒலித்தால் துருத்தியில் கசிவு. அட்டைக்கு அரக்கு பூசுவதும் ஈரம் ஏறாமலிருக்கத்தான். நமுத்துப்போன அட்டையில் விரல்கள் குழி விழுத்தி, துளை ஓரத்தைக் கிழித்துவிடும். கிழிந்ததைப் பசையால் ஒட்டிச் சமாளிக்கப் பார்த்தால், ஒட்டிய இடத்தில் தடிப்பு ஏறி விரல் தட்டும்.

மறுமொழி:
வெயில் நாளில் சுருதி சேராமல் கேட்டால் ஆர்கனைக் குறை சொல்லாதீர்கள். சாதாரணக் குழல்களின் சுருதி ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 3 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறும். அதிரும் உலோக நாக்கு வைத்த டிரம்பெட் குழல்கள் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. காலையில் சேர்ந்திருந்த இரண்டும் மதியத்துக்குள் பிரிந்துவிடும். அதனால் சுருதி சேர்ப்பவர் பெரும்பாலும் நாக்குகளைத்தான் குழல்களுக்கு ஒத்துச் சரிசெய்வார்.

மறுமொழி:
இங்கிலாந்தின் நீராவி ராட்டினங்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். கிங்ஸ் லின் நகரின் சாவேஜ் நிறுவனம் செய்தவற்றில், ராட்டினத்தைச் சுற்ற ஓர் இயந்திரம், ஆர்கனுக்குத் தனியாக ஒரு சின்ன இயந்திரம். சவாரி நின்று ஆட்கள் ஏறி இறங்கும்போதும் பாட்டு நிற்கக் கூடாது. அடுத்த கூட்டத்தை இழுப்பதே அந்தப் பாட்டுதான்.

மறுமொழி:
கேட்கப் போகிறவர்களுக்கு இரண்டு இடங்கள். ஜெர்மனியின் வால்ட்கிர்க் ஊரில் ரூத், புரூடர் குடும்பங்களின் ஆர்கன் பட்டறைகள் இருந்தன. மூன்றாண்டுக்கு ஒருமுறை அங்கே ஆர்கன் விழா நடக்கும். அமெரிக்காவில் மேரிலாந்தின் கிளென் எக்கோ பூங்கா: டென்ட்ஸல் நிறுவனம் செய்த 1921-ன் ராட்டினம், கூடவே வுர்லிட்சர் நிறுவனத்தின் 165 மாடல் ஆர்கன். அது அட்டையில் ஓடுவதல்ல, பேப்பர் சுருளில் ஓடும். முகப்புக்கு நேர் எதிரே ஒட்டி நிற்காமல் ஏழெட்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள், அப்போதுதான் டிரம் சத்தத்துக்கு அடியில் வயலின் போல ஒலிக்கும் குழல்கள் காதில் விழும். உள்ளமைப்பைப் பார்க்க ஆசையிருந்தால் ஆர்கனைக் கவனிப்பவரிடம் சுருள் மாற்றும் நேரத்தில் கேளுங்கள்.