நெடுந்தூர டிரையத்லான்: கடல் நீச்சல் பயிற்சிக்கு வழிகாட்டல் தேவை

அன்பர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் வசிக்கும் நான், 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய டிரையத்லானுக்கு முதன்முறையாகத் தயாராகி வருகிறேன். விடியுமுன் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர் வரை சைக்கிள் மிதிப்பதில் சிக்கல் இல்லை. வெயில் ஏறிய பின் திரும்புவது வேறு கதை. நீச்சல்தான் கவலையளிக்கிறது. நீச்சல் குளத்தின் அடியில் தெரியும் கறுப்புக் கோட்டைப் பார்த்தே பழகிய எனக்கு, கலங்கிய நீரில் சில வீச்சுகளுக்கு ஒருமுறை தலையை உயர்த்தி இலக்கைப் பார்த்து நேராக நீந்துவது இன்னும் கைவரவில்லை. மக்கள் புழங்கும் ஊருணிகளில் இறங்கிப் பயிற்சி செய்வது முறையன்று. ஆகவே, தொண்டியில் கரையோரமாக நீந்த எண்ணுகிறேன். அங்கே காற்றும் நீரோட்டமும் தணிந்திருக்கும் மாதங்கள், ஜெல்லிமீன் தொல்லை, துணைக்குப் படகுடன் வரக்கூடிய மீனவர்கள் ஆகியவை குறித்து அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். துணையின்றிக் கடலில் இறங்குவதாக இல்லை.