அண்ணனுக்கு முதுகுத்தண்டில் அடி, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். தென்னை மரத்திலிருந்து அண்ணன் விழுந்து ஏழு மாதம் ஆகிறது. டி4 எலும்பு (முதுகுத்தண்டில் மார்புப் பகுதியின் நாலாவது எலும்பு) நொறுங்கி ஆபரேஷன் செய்தார்கள், மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, ஆனால் அந்த உணர்ச்சியில்லாத கால்கள்தான் தீ வைத்த மாதிரி எரிகிறது என்று இராத்திரியெல்லாம் தூங்காமல் கிடக்கிறார். நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் மாத்திரை கொடுத்தால் எரிச்சல் குறைகிறது, பகலெல்லாம் மயக்கமாக இருக்கிறார்.

கால் தானாக வெட்டி இழுக்கும்போது "அசையுதுடா, எழுந்துருவான்" என்று அம்மா கண்கலங்குகிறார். அது தசை இறுக்கம்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் ரொம்பப் பயந்துவிட்டோம். திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து நெற்றியெல்லாம் வியர்வை, பிரஷர் 180. பார்த்தால் யூரின் டியூப் தொடைக்கடியில் மடங்கிக் கிடக்கிறது, பையில் ஒரு சொட்டு இல்லை. நிமிர்த்தி உட்கார வைத்து டியூபைச் சரி செய்ததும் கொஞ்ச நேரத்தில் அடங்கியது. டி6 எலும்பிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு இப்படி வரும், கவனிக்காவிட்டால் மூளையில் இரத்தக்கசிவு வரை போகும் என்று அப்புறம்தான் டாக்டர் சொன்னார். வீட்டுக்கு அனுப்பும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

நிரந்தர டியூபை எடுத்துவிட்டு, நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை தாங்களே டியூப் போட்டுச் சிறுநீர் எடுக்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்களா? பழக எத்தனை நாள் ஆனது, டியூபினால் கிருமி தொற்றி அடிக்கடி வரும் காய்ச்சல் குறைந்ததா? வேலூர் சி.எம்.சி. மறுவாழ்வு மையத்திலோ ஆய்க்குடி அமர் சேவா சங்கத்திலோ தங்கிப் பயிற்சி எடுத்தவர்கள், கூட ஒரு ஆள் தங்க வேண்டுமா என்றும் தயவுசெய்து சொல்லுங்கள்.