இரண்டடி உப்புநீர்த் தொட்டியில் டொமினோ டாம்செல்: விடலாமா, கூடாதா?

கார்த்திகைமீன்:
சென்னையில் இருக்கிறேன். நன்னீர் மீன் ஆறு வருடமாக வளர்க்கிறேன், உப்புநீர் இதுதான் முதல்முறை. தொட்டி இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், 16 அங்குல உயரம். கணக்குப்படி 75 லிட்டர். கல், மணல் போக 60 லிட்டர் நின்றால் பெரிது. கோமாளி மீன் ஒரு ஜோடி, டொமினோ டாம்செல் (கறுப்பு நிறச் சின்னக் கடல்மீன்) ஒன்று, க்ளீனர் இறால் ஒன்று, துறவி நண்டு (காலி நத்தை ஓட்டில் குடியிருக்கும் நண்டு) நாலைந்து, நத்தை சில வைக்க ஆசை. டாம்செலை முதலில் விட்டுத் தொட்டியைப் பழக்கலாம், அதாவது கழிவை முறிக்கும் பாக்டீரியாவை வளரவைக்கலாம் என்று கடையில் சொன்னார்கள். சரியா?

உவரி:
தாராளமாக விடுங்கள். புதிதாக ஆரம்பிக்கும்போது உப்பு அளவு முன்னே பின்னே போகத்தான் செய்யும். அதைத் தாங்க டாம்செலை விட்டால் ஆள் கிடையாது. விலையும் குறைவு. கடலிலேயே டொமினோ குஞ்சும் கோமாளியும் ஒரே கடல் சாமந்திக்குள் (பூப்போல் விரியும் கடல் உயிரி) வாழ்கின்றன. அங்கே ஒத்துப்போவது இங்கே ஏன் ஒத்துப்போகாது?

நெய்தல்:
உவரி அண்ணன் கடலைப் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் கடலில் துரத்தப்பட்ட மீன் பத்தடி தள்ளிப் போய்விடும். இரண்டடித் தொட்டியில் எங்கே போகும்?

நானும் டொமினோவைத்தான் முதலில் விட்டேன். வாங்கும்போது கட்டைவிரல் நகம் அளவு, கறுப்பு வெல்வெட்டில் மூன்று வெள்ளைப் பொட்டு, அவ்வளவு அழகு. வளர வளரத் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று ஆக்கிக்கொண்டது. பிறகு விட்ட கோமாளிகள் இரண்டும் வால் கிழிந்து, பம்புக்குப் பின்னால் தண்ணீர் மட்டத்தை ஒட்டியே நின்றன. இரைக்குக்கூட வெளியே வரவில்லை.

அப்புறம் இறால். ஒருநாள் காலையில் மணலில் மீசை, கால் எல்லாம் அப்படியே இருக்க, கண்ணாடிபோல் ஒரு இறால் கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். தொட்டுப் பார்த்தால் வெறும் சட்டை. ஆள் கல்லிடுக்கில் பத்திரமாக இருந்தது. ஓடு உரித்தபின் ஓரிரு நாள் உடம்பு மெத்தென்று இருக்கும், அப்போது யார் கண்ணிலும் படக்கூடாது. அடுத்த முறை உரித்தபோது டொமினோ கண்டுபிடித்துவிட்டது. மீசை மட்டும்தான் மிஞ்சியது. டொமினோவைப் பிடிக்க மொத்தக் கல்லையும் வெளியே எடுத்தேன்.

தொட்டி பழக மீனே வேண்டாம். மார்க்கெட் இறால் ஒரு துண்டு போட்டால் அழுகி அம்மோனியா வரும், பாக்டீரியா பெருகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டும்வரை பொறுங்கள். பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரம்.

உவரி:
தம்பி, அப்படியானால் கைவிட வேண்டியது டொமினோவை அல்ல, இறாலை. வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தாமிர மருந்துதான் கை கொடுக்கும். இறால், நண்டு, நத்தை உள்ள தொட்டியில் அதை ஒரு சொட்டுப் போட முடியாது, எல்லாம் போய்விடும். புதிதாகப் பழகுபவருக்கு மீன் மட்டும் உள்ள தொட்டிதான் நிம்மதி.

நெய்தல்:
மருந்தைப் பிரதானத் தொட்டியில் ஏன் போட வேண்டும்? கல்லும் மணலும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு அந்தத் தொட்டியில் இறால் வைக்கவே பயமாக இருக்கும். தனியாக ஒரு சின்னத் தொட்டி வைத்து, புது மீனை நாலு வாரம் அதில் பார்த்துவிட்டு, நோய் இருந்தால் அங்கேயே மருந்து கொடுக்கலாமே.

சங்குப்பூச்சி:
இருவரும் துறவி நண்டைக் கவனிக்கவில்லை. அது ஓட்டுக்காக நத்தையைக் கொல்லும். நாலைந்து வேண்டாம், இரண்டு போதும். கொஞ்சம் பெரிய காலி ஓடு பத்துப் பதினைந்து மணலில் போட்டு வையுங்கள்.

டொமினோ இடத்தில் ஒரு கோபி மீனும் பிஸ்டல் இறாலும் வைக்கலாம். இறாலுக்குப் பார்வை மங்கல். அது வளை தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும். இறாலின் மீசை கோபியின் மேல் பட்டபடியே இருக்கும்; ஆபத்து என்றால் கோபி வாலை அசைக்கும், இரண்டும் உள்ளே. ஆனால் கோபி துள்ளும், மூடி கட்டாயம். கல்லைத் தொட்டியின் அடித்தரையிலேயே உட்காரவைத்துவிட்டு மணல் போடுங்கள், இல்லாவிட்டால் வளை தோண்டும்போது சரியும்.

பவளம், கடல் குதிரை யாராவது தந்தால் வாங்காதீர்கள். இரண்டும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை.

உவரி:
கோபி யோசனை நல்லது, ஒப்புக்கொள்கிறேன். டொமினோவுக்கு இரண்டடித் தொட்டி போதாது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் முதல் ஆறு மாதம் மீன் மட்டும் என்பதில் நான் மாறவில்லை. ஒரு கோடையைக் கடந்து பாருங்கள். மின்விசிறி வைத்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும். மீன் கொஞ்சம் தாங்கும், இறால் தாங்காது.

கார்த்திகைமீன்:
டொமினோவை எடுத்துவிட்டேன். இறால் துண்டை இன்றே போடுகிறேன். பழகியதும் பண்ணையில் பொரித்த கோமாளிக் குஞ்சு இரண்டு. ஒரே அளவில் வாங்கவா?

நெய்தல்:
ஒன்று சற்றுப் பெரிதாக இருக்கட்டும். குஞ்சில் எல்லாம் ஆண்தான். பெரியது பெண்ணாக மாறும், சண்டை குறையும். மூன்றாவது மட்டும் சேர்க்காதீர்கள். உவரி அண்ணன் சொன்ன கோடை விஷயம் சரி: ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் தினமும் ஆர்ஓ நீர் ஊற்றுங்கள், உப்புநீர் அல்ல. இறாலை விடும் நாளில் மெல்லிய குழாயில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விட்டுப் பழக்குங்கள்.