கலங்கலா, தெளிவா? 'கஸின்ஸ் மட்டும்' குழுவில் ஒரு பீர் பேச்சு

வியாழன்

மீனா: [படம்]
மீனா: கார்த்திண்ணா, நீங்களும் அண்ணியும் சனிக்கிழமை வர்றீங்கன்னு ட்ரீ ஹவுஸ் ப்ரூவரி போய் பீர் கேன் வாங்கிட்டு வந்துட்டேன். எங்க மாசசூசெட்ஸ் வூஸ்டர்ல இருந்து சார்ல்டன் பக்கம்தான். ஒண்ணே ஒண்ணு ஊத்திப் பார்த்தேன், ரூம் முழுக்க வாசனை.

கார்த்தி: கிளாஸுக்கு அந்தப் பக்கம் உன் விரலே தெரியலையேம்மா. வடிகட்டாமலே குடுத்துட்டாங்களா?

பிரபு: நியூ இங்கிலாந்து ஐபிஏண்ணா. ஹாப்ஸ் பூவை அள்ளிப் போட்டு வாசனையும் கசப்பும் ஏத்தற ஐபிஏல, கிழக்குக் கரை வகை. அப்படித்தான் இருக்கும்.

கார்த்தி: தெரியும்டா. தெரிஞ்சுதான் பிடிக்கலங்கறேன். இங்க மேற்குக் கரையில, சான் டியாகோல ஐபிஏன்னா தங்க நிறத்துல பளிச்சுன்னு நிக்கணும். 1997-ல ஸ்டோன் ஐபிஏ வந்த காலத்துல இருந்து இந்த ஊர் பழகினது அது. ரஷ்யன் ரிவர் ப்ரூவரியோட ப்ளைனி தி எல்டர் ஐபிஏவை எடுத்துக்கோ. 8 சதவீத ஆல்கஹால், அவ்வளவு ஹாப்ஸ், ஆனாலும் கிளாஸ் வழியா பேப்பர் படிக்கலாம். கலங்கலா இருந்தா ப்ரூவர் வேலையைப் பாதியில விட்டுட்டார்னுதான் எனக்குத் தோணும்.

மீனா: பாதி வேலை இல்லண்ணா, வேற வேலை. ஈஸ்ட் மிதக்குதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. முக்கியமான காரணம் அது இல்ல.

மீனா: இதுல பார்லி மால்ட்டோட கோதுமை, ஓட்ஸ் நிறைய போடுவாங்க. அதுல புரதம் ஜாஸ்தி. அப்புறம் கொதிக்கவே வைக்காம, நொதிக்கும்போதும் நொதிச்சு முடிஞ்ச பிறகும் ஹாப்ஸை அள்ளிப் போடுவாங்க. அதான் ட்ரை ஹாப்பிங். ஹாப்ஸ்ல இருக்கற பாலிஃபீனால்ங்கற தாவரப் பொருள் அந்தப் புரதத்தோட ஒட்டிக்கும். அந்தத் துகள் ரொம்பப் பொடிசு, சீக்கிரத்துல அடியில படியாது. வெளிச்சத்தைச் சிதறடிச்சுக்கிட்டே மிதக்கும்.

செல்வி அண்ணி: ஆக, ரசத்தை மேலாகத் தெளிவா எடுக்கறதா, கலக்கி மண்டியோட ஊத்தறதாங்கற சண்டைதான். எங்க வீட்டுல ரெண்டு கட்சியும் உண்டு.

சரவணன்: பிரிஸ்டல்ல பாதிப் பேர் இன்னும் உன் கட்சிதான் மச்சான். பப்ல பீப்பாய்ல இருந்து ஊத்தற கேஸ்க் ஏல் கலங்கலா வந்தா அப்படியே கவுண்டர்ல திருப்பிக் குடுத்துடுவாங்க. வண்டல் இன்னும் இறங்கல, இல்ல குழாய் சுத்தமில்லன்னு எடுத்துக்குவாங்க. ஆனா இதே ஊர்ல மூர்னு ஒரு ப்ரூவரி, தெளிய வைக்கற எதையுமே போடாம இயற்கையா எப்படி வருதோ அப்படியே விக்கறாங்க.

செல்வி அண்ணி: தெளிய வைக்க என்னண்ணா போடுவாங்க?

சரவணன்: கேஸ்க்ல வழக்கமா ஐசிங்கிளாஸ். மீனோட காத்துப்பையைக் காய வெச்சு எடுக்கறது. ஈஸ்டை இழுத்துக்கிட்டு அடியில போய் உட்கார்ந்துடும்.

செல்வி அண்ணி: மீனா! லண்டன் போனப்ப பப்ல குடிச்சேனே. சைவம்னு நம்பித்தானே குடிச்சேன்.

மீனா: எல்லா பீர்லயும் கிடையாது அண்ணி. கொதிக்கும்போது ஐரிஷ் மாஸ்னு ஒரு கடல்பாசி போடறவங்க இருக்காங்க. சிலிக்கா போடறது, குளிர வெச்சுப் படிய விடறது, சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தறதுன்னு வேற வழியும் இருக்கு. ஜெலட்டின் போடறவங்களும் உண்டு, அதனால கேட்டுட்டுக் குடிக்கறதுதான் நல்லது. கலங்கலாவே விக்கற பீர்ல இதுக்கெல்லாம் பெருசா தேவை இல்ல.

கார்த்தி: சரி, காரணம் புரியுது. ஆனா கலங்கலா இருக்கறதாலேயே வாசனை கூடுமா? அதைச் சொல்லு.

மீனா: கூடாது. நான் சொல்ல வர்றதும் அதேதான். வாசனைக்காகச் செஞ்ச வேலையில கலங்கல் கூடவே வந்துச்சு, அவ்வளவுதான்.

மீனா: வெர்மான்ட்ல வாட்டர்பரின்னு சின்ன ஊர். அங்க ஜான் கிம்மிச் 2003-ல தி அல்கெமிஸ்ட்னு ஒரு பப் திறந்தார். அவரோட ஹெடி டாப்பர் பீர்தான் இந்த வகைக்கே முன்னோடி. 2011 ஆகஸ்ட்ல ஐரீன் புயல் வெள்ளம் பப்பை அழிச்சிடுச்சு. கேன் போடறதுக்காக அமைச்ச இடம் மட்டும் தப்பிச்சுது. அந்த வாரமே கேன் வெளிய வந்துடுச்சு.

மீனா: அந்தக் கேன் மேல என்ன அச்சடிச்சிருக்கு தெரியுமா? கேன்லேயே குடிங்கன்னு. கிளாஸ்ல ஊத்தினா உள்ள பூட்டி வெச்ச ஹாப்ஸ் வாசனை பறந்துடுமாம். இந்த மொத்தக் கலங்கலுக்கும் வழிகாட்டின பீர், கண்ணுக்கே காட்டாம குடிக்கச் சொல்லுது!

பிரபு: அக்கா, ஆனா இப்ப கலங்கலுக்குத்தானே மவுசு. 2018-ல அமெரிக்க ப்ரூவர்ஸ் அசோசியேஷன் கலங்கல் பீருக்குன்னு 'ஜூசி ஆர் ஹேஸி'ன்னு தனிப் பிரிவே சேர்த்தாங்க. அந்த வருஷம் கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவல் போட்டியில அதிகமா பீர் வந்து குவிஞ்சது ஜூசி ஆர் ஹேஸி ஐபிஏவுலதான்.

மீனா: அங்கதான் எனக்கு வருத்தம். தோற்றத்தையே துரத்த ஆரம்பிச்சதும் சிலர் மாவைக் கூடப் போட்டுக் கலக்கினாங்க. ஹாப்ஸ் தூள் சரியாப் படியறதுக்குள்ள கேன்ல அடைச்சு, குடிச்சா தொண்டை எரியற பீரும் வந்துச்சு. வாசனை எங்கன்னு தேடணும். பார்க்க மட்டும் ஜம்முன்னு இருக்கும்.

கார்த்தி: அப்ப பார்வைக்கு மதிப்பே இல்லையா?

பிரபு: இருக்குண்ணா. இங்க பெங்களூர்ல பீர் காய்ச்சி விக்கற ப்ரூபப் போய் கோதுமை பீர் கேட்டா கலங்கலாத்தான் வரும், ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க. அதே மேசைக்கு, தெளிவா இருக்க வேண்டிய லாகர் பீர் கலங்கலா வந்தா ஆளைக் கூப்பிட்டுடுவோம்.

மீனா: சரியாச் சொன்னே. தெளிவுன்னு சொல்லி வித்தது கலங்கினா எங்கயோ தப்பு நடந்திருக்கு. சில்லுன்னு இருக்கும்போது மட்டும் லேசாக் கலங்கி, குளிர் விட்டதும் தெளிஞ்சா அது வேற. அதுவும் புரதம், பாலிஃபீனால் விஷயம்தான், பயப்பட ஒண்ணுமில்ல.

மீனா: கலங்கலைவிட நான் பார்க்கறது நிறம். இந்த வகை வெளிர் மஞ்சள், ஆரஞ்சுன்னு பளீர்னு இருக்கணும். ஆக்சிஜன் பட்டா மங்கிப் பழுப்பாகும், சாம்பல் பூத்துடும். அப்ப ஹாப்ஸ் வாசனையும் போயிருக்கும். இவ்வளவு ட்ரை ஹாப் பண்ணின பீர் ஆக்சிஜனைத் தாங்கவே தாங்காது. கேன் அடியில தேதி பாருங்க, கடையில ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சிருக்காங்களான்னு பாருங்க. இதுக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம்.

கார்த்தி: ப்ளைனி லேபிள்லயும் அதைத்தான் போட்டிருக்கும். சேத்து வைக்காதே, புதுசாக் குடின்னு.

மீனா: பாருங்க, ரெண்டு கரையும் இதுல ஒரே பேச்சு.

கார்த்தி: ஆனா வாயில வித்தியாசம் இருக்கும்மா. கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிடுவேன்.

செல்வி அண்ணி: கட்ட வேண்டாம். எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தினா நிறமே தெரியாது. மீனா, வீட்டுல டம்ளர் இருக்கில்ல? நானே ஊத்தறேன், யாரும் கிச்சன் பக்கம் வரக்கூடாது.

சரவணன்: ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து உடனே ஊத்தாதே செல்வி. கொஞ்சம் குளிர் விடட்டும், அப்பதான் வாசனை எழும்பும்.

ஞாயிறு

பிரபு: என்னாச்சு? நேத்து ஒருத்தர்கூட வாயைத் திறக்கல.

செல்வி அண்ணி: மோந்து மட்டும் பார்த்து உங்க அண்ணன் தெளிவானதைக் கலங்கல்னார், கலங்கலைத் தெளிவுன்னார். ஒரு வாய் குடிச்சதும் டக்குனு சரியாச் சொல்லிட்டார்.

கார்த்தி: மூக்குல பிரிக்கவே முடியலடா. ரெண்டுலயும் சிட்ரா ஹாப்ஸ், அதே சாத்துக்குடி வாசனை. வாயில வெச்சாதான் தெரியுது. ஒண்ணு மெத்துன்னு இறங்குது, கசப்பு சட்டுனு விலகிடுது. இன்னொண்ணு வறண்டு முடியுது, கசப்பு நாக்குல நிக்குது.

மீனா: அந்த மெத்துக்கு ஓட்ஸும் தண்ணியில இருக்கற குளோரைடும் காரணம். வெஸ்ட் கோஸ்ட்காரங்க சல்ஃபேட்டைத் தூக்கி வைப்பாங்க, அதான் கசப்பு கூர்மையா நிக்குது. கலங்கலை வெச்சு இதை ஊகிக்கலாம். ஆனா இதை உண்டாக்கறது கலங்கல் இல்ல.

சரவணன்: எது ஜெயிச்சுது மச்சான்?

கார்த்தி: பக்கோடாவோட தெளிவானதுதான், அதுல மாற்றமில்ல. ஆனா ராத்திரி பேசிக்கிட்டே இன்னொண்ணு எடுத்தேன் பாரு, அது மீனாவோட கலங்கல். இனி அதைப் பார்த்ததும் தள்ளி வைக்க மாட்டேன்.

செல்வி அண்ணி: மூணாவது டம்ளரையும் சொல்லுங்க.

மீனா: ஃப்ரிட்ஜ் மூலையில மாசக்கணக்காக் கிடந்த ஒரு கலங்கல் கேன். அண்ணி அதையும் சொல்லாம ஊத்திட்டாங்க. டம்ளர்ல நிறம் தெரியல, ஆனா எல்லாருமே மோந்ததும் கீழ வெச்சுட்டோம். நனைஞ்ச அட்டை வாசனை.

பிரபு: அக்கா, டிசம்பர்ல வரும்போது எனக்கு நாலு கேன் கொண்டு வாங்களேன்.

மீனா: வேண்டாம்டா. சூட்கேஸ்ல சூடேறி, நீ திறக்கறப்ப பாதி வாசனைதான் இருக்கும். உங்க ஊர்ல குழாய்ல புதுசா வர்ற ஐபிஏ எதுன்னு விசாரிச்சு வை. அங்க வந்து குடிக்கலாம்.

கார்த்தி: நாங்களும் வர்றோம். டிக்கெட் போட்டதும் தேதி சொல்றேன்.

செல்வி அண்ணி: பிரபு, என்ன போட்டுத் தெளிய வைக்கறாங்கன்னும் கேட்டு வை.